ஒரே கட்டளையில் ரிலீஸ்: ப்ளகினும் தீமும் வெளியிடப் பழகுபவர்களுக்கு

ஆத்தங்குடியில் தரைக் கல் போடும் பட்டறை ஒன்றுக்கு ஒரு சின்ன வேர்ட்பிரஸ் ப்ளகின், அதாவது அவர்களின் இணையதளத்தில் சேர்க்கும் துணை நிரல், எழுதிக் கொடுத்தோம். தரை எத்தனை சதுர அடி என்று போட்டால் எத்தனை கல் வேண்டும் என்று அது சொல்லும். எட்டு அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 2.25, பத்து அங்குலம் என்றால் 1.44, ஓரடிக் கல் என்றால் ஒன்றுக்கு ஒன்று. 220 சதுர அடி முகப்புக்கு எட்டு அங்குலக் கல் 495 வரும். சுவரோரம் வெட்டும்போது சேதாரமாகும் என்பதால் ஐந்து சதவீதம் கூட்டி 520 வாங்குவதுதான் அந்தப் பட்டறையின் வழக்கம். எங்கள் 1.3.0 வெர்ஷனில் அந்தச் சேதாரத்தைக் கூட்டாமல் விட்டிருந்தோம். பட்டறைக்காரர் சொன்ன அன்று மாலையே திருத்தி 1.3.1 வெளியிட்டோம். வெளியிட்டுவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பத்து நாள் கழித்துப் பட்டறையிலிருந்து போன். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு 495 கல்தான் போயிருக்கிறது. கொத்தனார் முக்கால்வாசி ஒட்டி முடித்துவிட்டு, ஓரத்துக்குக் கல் இல்லாமல் நிற்கிறார். ஆத்தங்குடி கல்லுக்குச் சாயத்தைக் கையால்தான் கலக்குகிறார்கள். இன்றைய கலவையின் நிறம் அடுத்த வாரக் கலவையில் அப்படியே வராது. பின்னால் அனுப்பிய கல் அந்த முகப்பில் ஒரு பக்கமாக வெளுத்துத் தெரியும், அந்த வீடு இருக்கும்வரை.

என்ன நடந்தது என்று தேடினால், கோடில் பிழையே இல்லை. ப்ளகினோடு போகும் ரீட்மி என்ற விளக்க ஃபைலில் ‘ஸ்டேபிள் டேக்’ என்று ஒரு வரி உண்டு. அதில் 1.3.0 என்றே இருந்தது. ப்ளகின்களை எல்லோருக்கும் கொடுக்கும் களஞ்சியத் தளமான வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் அந்த வரியைப் பார்த்துத்தான் எந்த வெர்ஷனை உலகத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. புதிய கோடு சர்வரில் இருந்தது, பழைய கோடு போய்க்கொண்டிருந்தது.

அன்று இரவுதான் ரிலீஸ் வேலையை ஞாபகத்தை நம்பிச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்து கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத உட்கார்ந்தோம். காரைக்குடியில் எங்களோடு வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு அதிலிருந்து நான் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ப்ளகின் எழுதத் தெரியும், கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் கொஞ்சம் தெரியும், ஆனால் ரிலீஸ் செய்ததில்லை என்பவர்களுக்கு இது போதும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.

முதலில் மெஷினைத் தயார் செய்வது

லினக்ஸ், மேக் இருந்தால் சிக்கல் இல்லை. விண்டோஸ் என்றால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் போட்டு அதற்குள் உபுண்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கான கருவிகள் எல்லாம் லினக்ஸ் வழக்கத்தில் எழுதப்பட்டவை. விண்டோஸ் கமாண்ட் விண்டோவில் மல்லுக்கட்டி ஒரு வாரத்தைத் தொலைக்க வேண்டாம். உபுண்டுவில் கிட், சப்வெர்ஷன், ஆர்சிங்க், ஜிப், பிஎச்பி இந்த ஐந்தையும் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ மூலம் போட்டுவிடுங்கள்.

அடுத்தது டபிள்யூபி-சிஎல்ஐ. மவுஸ் இல்லாமல் கட்டளையிலேயே வேர்ட்பிரஸை இயக்கும் கருவி இது. இதன் இணையதளத்திலிருந்து ஃபார் வகை ஃபைல் ஒன்றை இறக்கி, ‘சிமாட்’ கொண்டு ஓடும் உரிமை கொடுத்து, ‘டபிள்யூபி’ என்று பெயர் மாற்றி, யூஎஸ்ஆர் லோக்கல் பின் ஃபோல்டரில் வைக்க வேண்டும். பிறகு ‘டபிள்யூபி --இன்ஃபோ’ அடியுங்கள். பிஎச்பி வெர்ஷனும் பாதைகளும் வரிசையாக வந்தால் சரி.

விண்டோஸ்காரர்கள் முதல் நாளே மாட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கிரிப்டை விண்டோஸ் எடிட்டரில் எழுதிச் சேமித்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக உட்கார்ந்துவிடும். ஓட்டினால் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று வரும், வரி முழுக்கச் சரியாக இருப்பதுபோலவே தெரியும். எடிட்டரில் வரி முடிவை எல்எஃப் என்று மாற்றுங்கள், அல்லது ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஓட்டுங்கள்.

ஸ்கிரிப்டுக்கு முன்னால் காகிதம்

எங்கள் பக்கம் கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசினால், அவர் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் சாமான் பட்டியல்தான் கேட்பார். ரிலீஸுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். முதல் இரண்டு ரிலீஸைக் கையாலேயே செய்யுங்கள், செய்யச் செய்ய ஒவ்வொரு அடியையும் நோட்டில் எழுதுங்கள். ‘வெர்ஷன் நம்பர் மாற்றினேன்’ என்று எழுதாதீர்கள். எந்த ஃபைலில், எந்த வரியில் என்று எழுதுங்கள். எங்கள் நோட்டில் முதல் தடவை 11 வரி வந்தது. இரண்டாவது தடவை செய்யும்போது 17 ஆனது. முதல் தடவை கை தானாகச் செய்த ஆறு வேலைகள் எழுத்தில் வரவே இல்லை. எழுத்தில் வராதது ஸ்கிரிப்டிலும் வராது. அதனால் இந்த நோட்டு வேலையைத் தாண்டிப் போகாதீர்கள்.

வெர்ஷன் நம்பர்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு ப்ளகினில் வெர்ஷன் நம்பர் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்கும்: முதன்மை பிஎச்பி ஃபைலின் தலைப்புக் குறிப்பில் ‘வெர்ஷன்’ என்ற வரி, ரீட்மியில் ‘ஸ்டேபிள் டேக்’ என்ற வரி. பெரும்பாலானவர்கள் கோடுக்குள் ஒரு மாறிலியாகவும் வைத்திருப்பார்கள். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களைப் பிரவுசர் புதிதாக எடுக்க அது உதவும். இதைத் தவிர ரீட்மியின் மாற்றக் குறிப்பில் ஒரு தலைப்பு. ஆக நான்கு இடம். நாலும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்று எண்களாக எழுதுவதுதான் நல்ல வழக்கம். பயன்படுத்துபவரின் பழைய அமைப்பு உடையும்படி மாற்றினால் முதல் எண் கூடும், புதிய வசதி வந்தால் நடு எண், பிழை திருத்தம் என்றால் கடைசி எண். இவை தசம எண்கள் இல்லை என்பதை மனதில் வையுங்கள். 1.9க்கு அடுத்தது 1.10, அது 1.9ஐவிடப் பெரியது. 1.9க்கு அப்புறம் 2.0 என்று பயந்து தாவ வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் ஒப்பிடும்போது புள்ளிக்கு இடைப்பட்ட ஒவ்வொரு எண்ணையும் தனியாகத்தான் எடுத்துப் பார்க்கிறது.

நம்பரை ஸ்கிரிப்டே மாற்ற வேண்டுமா, மனிதர் மாற்றி ஸ்கிரிப்ட் சரிபார்க்க வேண்டுமா? எழுத்தைத் தேடி மாற்றும் ‘செட்’ என்ற கருவியால் நான்கு இடத்திலும் ஒரே வரியில் மாற்றிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சரிபார்க்கும் பக்கம். மாற்றக் குறிப்பை எழுத எப்படியும் ரீட்மியைத் திறக்கத்தான் வேண்டும். அப்போது நம்பரையும் கையால் மாற்றுபவர், என்ன மாறியது என்பதை ஒரு தடவை யோசித்துவிடுவார். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது, ஃபைலில் வரியைத் தேடும் ‘கிரெப்’ வைத்து நான்கு வரியையும் எடுத்து, நான் கட்டளையில் கொடுத்த நம்பரோடு ஒப்பிட்டு, ஒன்று பொருந்தாவிட்டாலும் அதே இடத்தில் நின்றுவிடுவது. ‘ஸ்டேபிள் டேக் 1.3.0 என்று இருக்கிறது, நீங்கள் கேட்டது 1.3.1’ என்று தமிழிலேயே திரையில் எழுதும்படி வைத்திருக்கிறோம். அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் 520 கல் ஒரே நிறத்தில் போயிருக்கும்.

ஜிப்புக்குள் என்ன போக வேண்டும்

புதுவயலிலிருந்து வந்து சேர்ந்த தம்பி இரண்டாவது வாரம் கேட்டார்: “அண்ணே, கோடு மொத்தமே 140 கேபி. ஜிப் ஏன் 71 எம்பி வருது?”

திறந்து பார்த்தால், வேலை நேரத்துக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் இருக்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டர் முழுசாக உள்ளே இருந்தது. கூடவே கிட் ஃபோல்டர், டெஸ்ட் ஃபைல்கள், அவர் எழுதி வைத்திருந்த குறிப்பு ஃபைல். அந்தக் குறிப்பில் சோதனைத் தளத்தின் பாஸ்வேர்டும் இருந்தது. ஜிப் பெரிதாக இருந்தால் இறங்க நேரமாகும், அவ்வளவுதான். கிட் ஃபோல்டர் வெளியே போனால் உங்கள் முழு வரலாறும் வெளியே போகிறது.

இதற்குத்தான் ‘டிஸ்ட்-ஆர்க்கைவ்’ என்ற துணைக்கட்டளை. டபிள்யூபி-சிஎல்ஐயில் இது கூடவே வராது, ‘டபிள்யூபி பேக்கேஜ் இன்ஸ்டால்’ என்று அடித்து ‘டபிள்யூபி-சிஎல்ஐ/டிஸ்ட்-ஆர்க்கைவ்-கமாண்ட்’ என்ற பெயரைக் கொடுத்துத் தனியாகப் போட வேண்டும். பிறகு ப்ளகின் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ‘.டிஸ்ட்இக்னோர்’ என்ற ஃபைலை உண்டாக்கி, வெளியே போகக் கூடாதவற்றை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். கிட், நோட் மாட்யூல்ஸ், டெஸ்ட்ஸ், பேக்கேஜ் ஜேசான், கம்போசர் ஜேசான், ரிலீஸ் ஸ்கிரிப்ட், எடிட்டரின் அமைப்பு ஃபோல்டர், டிஸ்ட்இக்னோர் ஃபைல் தன்னையே. எழுதி முடித்ததும் ‘டபிள்யூபி டிஸ்ட்-ஆர்க்கைவ் .’ என்று புள்ளியோடு அடித்தால் ப்ளகினின் பெயரும் வெர்ஷனும் சேர்ந்த ஜிப் ஒன்று வெளியே வந்து விழும். தம்பியின் 71 எம்பி அன்று 58 கேபி ஆனது.

‘வெண்டர்’ ஃபோல்டர் விஷயத்தில் கவனம். கம்போசர் என்ற கருவி வழியாகப் பிஎச்பி நூலகங்களைப் பயன்படுத்தினால், அவை இருக்கும் இந்த ஃபோல்டர் உள்ளே போயே ஆக வேண்டும், ஆனால் வேலை நேரத்துக்கு மட்டும் தேவையானவை போகக் கூடாது. ஜிப் கட்டுவதற்கு முன்னால் ‘கம்போசர் இன்ஸ்டால்’ கட்டளையை ‘--நோ-டெவ்’ சேர்த்து ஓட்டுங்கள்.

இன்னொரு விஷயம். கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் பக்கத்தில் ‘டவுன்லோட் ஜிப்’ பட்டனை அழுத்தி அதையே வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறது. அந்த ஜிப்புக்குள் ஃபோல்டரின் பெயர் கடைசியில் ‘-மெயின்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். வேர்ட்பிரஸ் ஃபோல்டர் பெயரை வைத்துத்தான் ப்ளகினை அடையாளம் காண்கிறது. அதனால் பழையதை மேம்படுத்தாமல் பக்கத்திலேயே இன்னொரு ப்ளகினாகப் போட்டுவிடும். இரண்டும் ஒரே ஃபங்ஷனை அறிவித்தால் புதியதை ஆக்டிவேட் செய்யும்போதே பிழை வரும். கடைக்காரருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. ஜிப் எப்போதும் டிஸ்ட்-ஆர்க்கைவ் கட்டியதாகவே இருக்கட்டும்.

தமிழ்ப் பதிவும் மொழிக் கோப்பும்

‘டபிள்யூபி ஐ18என் மேக்-பாட்’ கட்டளை கோடைத் துழாவி, மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியங்களை எல்லாம் ஒரு பாட் ஃபைலில் சேர்த்துக் கொடுக்கும். அதிலிருந்து, மொழிபெயர்ப்பை எழுதும் தமிழுக்கான பிஓ ஃபைலை உண்டாக்க வேண்டும். இந்தியத் தமிழுக்கு வேர்ட்பிரஸில் குறியீடு ‘டிஏ_ஐஎன்’, இலங்கைத் தமிழுக்கு ‘டிஏ_எல்கே’. வெறும் ‘டிஏ’ என்று பெயர் வைத்துவிட்டு மொழிபெயர்ப்பு வரவில்லை என்று தேடாதீர்கள். மொழிபெயர்த்து முடித்ததும் ‘டபிள்யூபி ஐ18என் மேக்-மோ’ அடித்தால் வேர்ட்பிரஸ் படிக்கும் எம்ஓ ஃபைல் கிடைக்கும். டாட் ஆர்க்கில் இருக்கும் ப்ளகினுக்கு மொழிபெயர்ப்பு அவர்களின் மொழிபெயர்ப்புத் தளம் வழியாகவே வந்துவிடும். வாடிக்கையாளருக்கு நேரடியாகக் கொடுக்கும் ப்ளகினுக்குத்தான் இதைக் கையோடு செய்ய வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது இதில் ஒரு முட்டுக்கட்டை வரும். மேக்-பாட் ஒவ்வொரு தடவையும் ஃபைலுக்குள் உருவாக்கிய நேரத்தை எழுதுகிறது. அதனால் ஒரு வாக்கியமும் மாறாவிட்டாலும் கிட் ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்று சொல்லும். ரிலீஸ் ஸ்கிரிப்ட் ‘கமிட் ஆகாத மாற்றம் இருக்கிறது’ என்று நின்றுவிடும். நாங்கள் இரண்டு ஸ்கிரிப்ட் வைத்திருப்பது இதனால்தான். ‘தயார்’ ஸ்கிரிப்ட் பில்ட் செய்யும், மொழிக் கோப்பு உண்டாக்கும், மாற்றத்தை நாம் பார்த்து கமிட் செய்வோம். ‘வெளியீடு’ ஸ்கிரிப்ட் எந்த மூல ஃபைலையும் தொடாது. ஒரே ஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் அடைக்க ஆசைப்படாதீர்கள், எங்கே நின்றது என்று தெரியாமல் போகும்.

தமிழ் எழுத்துகளை பிஎச்பி ஃபைலுக்குள்ளேயே வைப்பவர்கள் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும், ‘பாம்’ இல்லாமல். பாம் என்பது ஃபைலின் தலையில் உட்காரும் மூன்று பைட். அது இருந்தால் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்ற எச்சரிக்கை வரும், லாகின்கூட சில சமயம் தடைபடும். ஸ்கிரிப்டிலேயே அந்த மூன்று பைட்டைத் தேடி நிறுத்தும் ஒரு வரி போட்டு வைத்திருக்கிறோம். தமிழில் வேலை செய்யும் யாருக்கும் இந்த வரி பயன்படும்.

சோதனை, வாடிக்கையாளரின் கண்ணால்

ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு தடவை கல் போடுவதைப் பார்த்திருந்தால் இது எளிதாகப் புரியும். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளில் சாயம் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் சிமெண்டைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். கல்லின் முகம் கீழே கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. வேலை செய்பவர் பார்ப்பது முதுகுப் பக்கம். காய்ந்து தண்ணீரில் ஊறிக் கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் தெரியும். அதனால்தான் ஊற்றுவதற்கு முன்னால் கண்ணாடியை அவ்வளவு அக்கறையாகத் துடைக்கிறார்கள்.

நாமும் நம் ஃபோல்டரில் முதுகுப் பக்கத்தைத்தான் பார்க்கிறோம். வாடிக்கையாளர் பார்க்கும் முகம் அந்த ஜிப்பை நிறுவிய பிறகுதான் தெரியும். டிஸ்ட்இக்னோரில் ஒரு வரி தவறி ‘இன்க்’ ஃபோல்டர் விடுபட்டிருந்தாலும் நம் மெஷினில் எல்லாம் ஓடும், அவர் தளம் வெள்ளையாக நிற்கும். ஆகவே சோதனை எப்போதும் ஜிப்பில்தான்.

‘பிஎச்பி -எல்’ ஒவ்வொரு பிஎச்பி ஃபைலிலும் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும். ‘ஃபைண்ட்’ கட்டளையோடு சேர்த்தால் எல்லா ஃபைலையும் ஒரே வரியில் பார்த்துவிடலாம். அடுத்து, லேப்டாப்பில் ஒரு காலி வேர்ட்பிரஸ் வைத்துக்கொள்ளுங்கள். ‘டபிள்யூபி கோர் டவுன்லோட்’, ‘டபிள்யூபி கான்ஃபிக் கிரியேட்’, ‘டபிள்யூபி டிபி கிரியேட்’, ‘டபிள்யூபி கோர் இன்ஸ்டால்’ என்று நான்கு கட்டளையில் அது தயார். அதில் ‘டபிள்யூபி ப்ளகின் இன்ஸ்டால்’ அடித்து ஜிப்பின் பாதையைக் கொடுத்து ‘--ஃபோர்ஸ்’, ‘--ஆக்டிவேட்’ சேர்த்து நிறுவுங்கள். ஆக்டிவேட் ஆகாவிட்டால் கட்டளை தோல்வி என்று திரும்பும், ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துக்கொள்ளும்.

டாட் ஆர்க்குக்குப் போகும் ப்ளகின் என்றால் ‘ப்ளகின் செக்’ என்ற ப்ளகினையும் அந்தக் காலித் தளத்தில் போட்டு ‘டபிள்யூபி ப்ளகின் செக்’ ஓட்டுங்கள். பரிசீலனைக் குழு கேட்கும் கேள்விகளில் பலவற்றை அது முன்பே கேட்டுவிடும். எஸ்கேப் செய்யாமல் திரையில் எழுதிய வரி, டெக்ஸ்ட் டொமைன் பொருந்தாதது, ரீட்மியில் விடுபட்டது எல்லாம் வரும். முதல் தடவை நீளமான பட்டியல் வந்தால் கலங்க வேண்டாம். எரர் என்பதை முழுக்க முடியுங்கள், வார்னிங் என்பதை ஒவ்வொன்றாக வாசித்து முடிவெடுங்கள்.

டாட் ஆர்க்குக்கு ஏற்றுவது

வேர்ட்பிரஸ் ப்ளகின் களஞ்சியம் இன்றும் சப்வெர்ஷனில்தான், சுருக்கமாக எஸ்விஎன்னில்தான், ஓடுகிறது. நாம் எழுதுவது கிட்டில், வெளியிடுவது எஸ்விஎன்னில். எஸ்விஎன்னை வேலை செய்யும் இடமாக நினைக்காதீர்கள், அது கடைத்தெரு. முடிந்த சரக்கு மட்டும் போக வேண்டும். சின்னச் சின்ன மாற்றத்தை எல்லாம் அங்கே கமிட் செய்ய வேண்டாம் என்று டாட் ஆர்க்கே கேட்டுக்கொள்கிறது.

உங்கள் ப்ளகினின் எஸ்விஎன்னில் ‘டிரங்க்’, ‘டேக்ஸ்’, ‘அசெட்ஸ்’ என்று ஃபோல்டர்கள் இருக்கும். டிரங்கில் இப்போதைய கோடு, டேக்ஸுக்குள் வெர்ஷனுக்கு ஒரு ஃபோல்டர், அசெட்ஸில் களஞ்சியப் பக்கத்துக்கான படங்கள். பேனர் 772க்கு 250, ஐகான் 256க்கு 256. இந்தப் படங்கள் ப்ளகின் ஜிப்புக்குள் போகத் தேவையில்லை. முழு எஸ்விஎன்னையும் இறக்கினால் பழைய டேக் எல்லாம் வந்து குவியும். செக்அவுட் செய்யும்போது ‘--டெப்த் இமீடியட்ஸ்’ கொடுத்து வெறும் ஃபோல்டர்களை மட்டும் வாங்கி, பிறகு டிரங்கையும் அசெட்ஸையும் ‘எஸ்விஎன் அப்டேட்’ கட்டளையில் ‘--செட்-டெப்த் இன்ஃபினிட்டி’ சேர்த்து நிரப்புங்கள்.

அடுத்து, கட்டிய ஜிப்பை ஒரு தற்காலிக ஃபோல்டரில் விரித்து, ஆர்சிங்கில் ‘--டிலீட்’ சேர்த்து டிரங்குக்குள் நகலெடுங்கள். சோதித்த அதே ஜிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், வேலை ஃபோல்டரிலிருந்து எடுத்தால் செய்த சோதனைக்கு அர்த்தம் இல்லை. நகலெடுத்ததும் ‘எஸ்விஎன் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். கேள்விக்குறி போட்ட ஃபைல் புதியது, அதை ‘எஸ்விஎன் ஆட்’ செய்ய வேண்டும். ஆச்சரியக்குறி போட்டது காணாமல் போனது, அதை ‘எஸ்விஎன் ஆர்எம்’ செய்ய வேண்டும். கிட்டில் பழகியவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுவார்கள், நீக்கிய ஃபைல் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

அப்புறம் ‘எஸ்விஎன் சிபி டிரங்க் டேக்ஸ்/1.4.0’. இதற்குப் பிறகுதான் ‘எஸ்விஎன் சிஐ’, டிரங்குக்கும் டேக்குக்கும் சேர்த்து ஒரே கமிட். எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும், அதோடு நெட்டும் போய்விடும். எஸ்விஎன் கமிட் பாதியில் அறுந்தால் எதுவுமே ஏறியிருக்காது, முழுசாக ஏறும் அல்லது ஏறாது. ஆனால் டிரங்கைத் தனியாக ஏற்றிவிட்டு டேக்கைப் போடுவதற்குள் கரண்ட் போனால், ஸ்டேபிள் டேக் 1.4.0 என்று சொல்லும், டேக்ஸில் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்காது. ஒரே கமிட்டாகச் செய்தால் இந்த நிலை வராது.

பாஸ்வேர்டைப் பற்றி ஒன்று. 2024 அக்டோபர் 1 முதல் ப்ளகின், தீம் எழுதுபவர்களுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். எஸ்விஎன்னுக்கு உங்கள் கணக்குப் பக்கத்தில் தனிப் பாஸ்வேர்ட் உண்டாக்கிக்கொள்ள வேண்டும், லாகின் பாஸ்வேர்ட் செல்லாது. பயனர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. ஸ்கிரிப்டுக்குள் பாஸ்வேர்டை எழுதவே எழுதாதீர்கள். ஒருமுறை கிட்டுக்குள் போனால் அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரு கட்டளையாகக் கோப்பது

இப்போது நோட்டில் உள்ள வரிகளை ஒரு பாஷ் ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதுங்கள். தலைவரிக்கு அடுத்தது ‘செட் -ஈ’. இது முன்னால் சொன்ன செட் கருவி இல்லை, வேறு கட்டளை. ஏதாவது ஒரு கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். இது இல்லாத ரிலீஸ் ஸ்கிரிப்ட் ஆபத்தானது. ஜிப் கட்டத் தவறிய பிறகும் அது பாட்டுக்குக் கமிட் வரை போய்விடும்.

வரிசை முக்கியம். திரும்ப எடுக்க முடியாத வேலை கடைசியில் வர வேண்டும். எங்கள் ஸ்கிரிப்ட் முதலில் கிட் சுத்தமாக இருக்கிறதா, மெயின் கிளையில் இருக்கிறோமா, அந்த வெர்ஷனுக்கு ஏற்கனவே டேக் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு நான்கு இடத்து நம்பர், பாம், பிஎச்பி இலக்கணம், ஜிப், காலித் தளத்தில் நிறுவுதல். இதுவரை வெளியே எதுவும் போகவில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம். இங்கே ஸ்கிரிப்ட் நின்று ஜிப்பின் அளவையும் உள்ளே உள்ள ஃபைல் பட்டியலையும் காட்டி, வெர்ஷன் நம்பரைத் திரும்ப அடிக்கச் சொல்லும். வெறும் ‘ஒய்’ என்று வைத்தால் கை தானாக அடித்துவிடும் என்பதால் நம்பரையே கேட்கிறோம். அதன் பிறகுதான் கிட் டேக், புஷ், எஸ்விஎன் கமிட்.

எழுதியதும் நேராக ஓட்டாதீர்கள். கடைசி மூன்று வரிக்கு முன்னால் ‘எக்கோ’ போட்டு, என்ன செய்யப் போகிறது என்பதைத் திரையில் மட்டும் எழுதவிட்டு இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள்.

தீம் என்றால்

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்கு வெர்ஷன் ‘ஸ்டைல் சிஎஸ்எஸ்’ ஃபைலின் தலைப்பில் இருக்கும். டிஸ்ட்-ஆர்க்கைவ் அதையும் படிக்கும். ஸ்கிரீன்ஷாட் 1200க்கு 900 இருக்கட்டும். டாட் ஆர்க் தீம் என்றால் ஜிப்பை அவர்களின் பக்கத்தில் ஏற்றுவதுதான் வழக்கமான வழி, ஒவ்வொரு தடவையும் நம்பர் கூடியிருக்க வேண்டும். அதனால் தீம் ஸ்கிரிப்ட் ஜிப்போடு முடிந்துவிடும். சரிபார்ப்புக்குத் ‘தீம் செக்’ ப்ளகின் இருக்கிறது. மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

கிட்ஹப்பே செய்யட்டும் என்றால்

ஸ்கிரிப்ட் ஆறேழு ரிலீஸ் ஒழுங்காக ஓடிய பிறகு கிட்ஹப்பின் சர்வரிலேயே கட்டளைகளை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு மாற்றலாம். 10அப் என்ற நிறுவனம் இதற்கென்றே ஓர் ஆக்ஷன் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறது. கிட் டேக்கைப் புஷ் செய்ததும் அது எஸ்விஎன்னுக்கு ஏற்றிவிடும். பயனர் பெயரையும் எஸ்விஎன் பாஸ்வேர்டையும் ரெப்போவின் ‘சீக்ரெட்ஸ்’ பகுதியில் வைக்க வேண்டும். நம் லேப்டாப், நம் கரண்ட் எதையும் நம்பாத வழி என்பதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் முதல் நாளே இதிலிருந்து தொடங்குபவர்கள், ஏதாவது சிவப்பாக வந்தால் எங்கே தொடுவது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். கையால், பிறகு ஸ்கிரிப்டில், பிறகு ஆக்ஷனில் என்று ஏறுங்கள்.

தவறு வெளியே போய்விட்டால்

ஸ்டேபிள் டேக்கைப் பழைய நம்பருக்கு மாற்றினால் புதிதாக இறக்குபவர்களுக்குப் பழையது போகும். ஏற்கனவே புதியதுக்கு மாறியவர்கள் அங்கேயே இருப்பார்கள், ஏனென்றால் வேர்ட்பிரஸ் கீழ்நோக்கி மேம்படுத்தாது. அவர்களுக்கும் போய்ச் சேர ஒரே வழி, பழைய நல்ல கோடை எடுத்து நம்பரைக் கூட்டி 1.4.1 ஆக வெளியிடுவது. டேக் ஃபோல்டருக்குள் போய்த் திருத்தாதீர்கள். 1.4.0 என்ற பெயரில் இரண்டு விதமான கோடு உலகத்தில் இருந்தால் எந்தப் புகாரையும் விசாரிக்க முடியாது.

ரிலீஸ் முடிந்ததும் நாங்கள் எழுந்து போக மாட்டோம். களஞ்சியப் பக்கத்தில் புதிய நம்பர் வரச் சற்று நேரமாகும், டீ குடிக்கும் நேரம். பிறகு பட்டறையின் தளத்தில் ‘டபிள்யூபி ப்ளகின் அப்டேட்’ அடித்து, ‘டபிள்யூபி ப்ளகின் லிஸ்ட்’ பார்த்து நம்பரைச் சரிபார்ப்போம். கடைசியாக அவர்கள் பக்கத்தைப் போனில் திறந்து, எட்டு அங்குலக் கல்லைத் தேர்ந்தெடுத்து 220 என்று போடுவோம். 520 வந்தால் லேப்டாப்பை மூடுவோம்.